அப்பாவின் இரண்டு மொட்டைகள்

தேங்காய் எண்ணெயும் டீசல் புகையும் கலந்த ஒரு வாசனை என் அப்பாவின் தாடியில் எப்போதும் இருக்கும். சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்போது ரசம் வழிந்து அந்தத் தாடியில் நிற்கும், அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு துண்டை எடுத்து வீசுவாள், அவர் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல அடுத்த உருண்டையை எடுப்பார். நெஞ்சுவரை இறங்கிய தாடி, பின்கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய முடி, மடித்துக் கட்டிய கைலி என்று பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் அவர் நிற்கும்போது, வெளியூர்க் கிழவிகள் யாராவது சாமியார் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். "நான் சாமியார் இல்லம்மா, பத்தாவது ஃபெயிலு" என்பார் அப்பா. பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எனக்கு, பூமி பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் என்று இருக்கும்.

அவர் சொன்னது உண்மை. அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் படித்துப் பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் தோற்றவர் அப்பா. மற்ற பாடங்கள் எல்லாம் அந்தக் காலத்திலேயே பாஸ். பெரம்பலூருக்கு வந்து கல்யாணம் ஆகி, நான் பிறந்து, பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிட்டு ஏற்றிவிடும் வேலையில் இருந்தவருக்கு, ஒரு நாள் அரசாங்க பஸ்ஸில் கண்டக்டராக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கண்டக்டருக்குப் பத்தாவது பாஸ் வேண்டும். உடனே கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார், இங்கிலீஷ் பாஸாகும்வரை தலையிலும் முகத்திலும் கத்தி படாது, பாஸானதும் அத்தனை முடியும் உனக்கே என்று. அந்தப் பெருமாள்தான் அவர்கள் குடும்பத்துக்குக் குலசாமி. கலியபெருமாள் என்ற அவருடைய பெயரே அங்கிருந்து வந்ததுதான். வேண்டுதலை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அவரோ பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவைத்தார். அதனால் அப்பா ஒவ்வொரு தடவை தோற்றதையும் ஊரே அவர் தாடி நீளத்தை வைத்துத் தெரிந்துகொண்டது.

வெட்கம் என்ற ஒன்றை அவருக்குப் படைக்க ஆண்டவன் மறந்துவிட்டான் என்று அம்மா சொல்வாள். திருச்சி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காலேஜ் பிள்ளைகளிடம் போய்ச் சுருட்டிவைத்த கைடை நீட்டி, "தம்பி, இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பார். டிரைவரிடம் கேட்பார், பேங்க் ஆபீசரிடம் கேட்பார், பஸ் ஸ்டாண்டுக்கு வந்த போலீஸ்காரரிடம்கூட ஸ்பெல்லிங் கேட்டிருக்கிறார். திருச்சி, திருச்சி, துறையூர், துறையூர் என்று கூவிக்கொண்டே இடையில் "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று விடுப்புக் கடிதத்தை மனப்பாடம் செய்வார். ஏறப் போன சனம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். காதர் பாய் டீக்கடையில்தான் மதிய நேரத்தில் உட்கார்ந்து படிப்பார். பாய் அவருக்கு அண்ணன் மாதிரி. பரீட்சைக்குப் போகிற அன்று பாய் டீக்குக் காசு வாங்க மாட்டார், "பிஸ்மி சொல்லிட்டுப் பேனாவைத் தொறடா கலியா" என்று சொல்லி அனுப்புவார். அப்பாவும் பெருமாளை வேண்டிக்கொண்டு, பிஸ்மியும் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். ரெண்டு பக்கமும் சொல்லியும் இங்கிலீஷ் மசியவில்லை.

அவர் எழுதுவது என் பள்ளிக்கூடத்தில். தனித்தேர்வர் என்று வரும் பையன்களுக்கு நடுவில் தாடியோடு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, "ஒங்கப்பா மறுபடியும் ஃபெயிலாவ வந்திருக்காருடி" என்று கூடப்படித்தவர்கள் சொல்வார்கள். என் பெயரே "தாடி மவ" என்றாகிவிட்டது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு ஊர் சிரிக்கிறது என்பதைவிடப் பெரிய துன்பம் எதுவும் இல்லை. பட்டினி கிடக்கச் சொன்னால்கூடக் கிடந்திருப்பேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போவேன். அப்படியும் அவருடைய குரல் கேட்கும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று யாராவது அப்பாவைத் தேற்றினால், அம்மா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, "அம்மி நகந்துரும், இந்த மனுசனுக்கு இங்கிலீஷு நகராது" என்பாள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. நாற்பது தாண்டினால் கண்டக்டர் வேலைக்குப் பெயர் எடுக்க மாட்டார்கள் என்பது அன்றைய பேச்சு. அப்பா நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் அப்பா பரீட்சை எழுதி முடித்ததும் கோடை விடுமுறை வந்தது. அம்மாவும் நானும் அரியலூர்ப் பக்கம் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தோம். அப்பாவைப் பெற்ற தாத்தா. ஒரு நாள் காலையில் வயலுக்குப் போய்விட்டு வந்து, நெஞ்சு அடைக்கிறது என்று கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு போன் பூத்தில் அப்பாவையே கூப்பிடச் சொல்லித் தகவல் சொன்னோம், அவர் நின்ற நிலையில் பஸ் ஏறி வந்து சேர்ந்தார். ஊருக்குப் போகிறேன் என்று மட்டும்தான் அங்கே யாரிடமோ சொல்லியிருக்கிறார். எதற்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அவர் ஒரே மகன். கொள்ளி வைப்பவன் முடியும் மீசையும் எடுத்தாக வேண்டும். அப்பா தாடியைக் கையால் பொத்திக்கொண்டு, இது சாமிக்கு நேர்ந்த முடி, எப்படி இங்கே எடுப்பேன் என்று கேட்டார். முற்றத்தில் கூடியிருந்த பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா முறையில் இருந்த ஒருவர்தான் கடைசியில் சொன்னார்: "சாமி காத்திருக்கும்டா, பொணம் காத்திருக்காது. பெத்தவனுக்குக் குடுத்துட்டுப் போ." தாடியோடு சுடுகாட்டுக்குப் போன அப்பா தாடி இல்லாமல் ஈரத் துணியோடு திரும்பி வந்தார். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பல வருடமாக வெயில் படாத தாடை மட்டும் வெளுத்துப் போய், வேறு யாருடைய முகத்தையோ வாங்கி ஒட்டிக்கொண்டு வந்தவர்போல இருந்தார். சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். இவர் தாத்தாவுக்காக அழுகிறாரா, தாடிக்காக அழுகிறாரா என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே வெட்கப்படுகிறேன்.

காரியம் முடிவதற்குள் ரிசல்ட்டும் வந்துவிட்டது. அரியலூர் டவுனுக்குப் போன பங்காளிப் பையன் ஒருவன் நம்பரைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவின் காதில் சொன்னான். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். துக்க வீட்டில் அதற்கு யார் அழப் போகிறார்கள்? பாஸும் ஆகவில்லை, நேர்ந்த முடியும் போய்விட்டது. இனி பெருமாளிடம் எந்த முகத்தோடு போவது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து நாங்கள் மூவரும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினோம். அப்பாவின் தலையில் அரும்பு விட்டிருந்தது. நான் ஒயர்க் கூடையைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்து குதித்தேன், நிமிர்ந்து பார்த்தால் காதர் பாய் டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி கடையை விட்டு ஓடிவருகிறார். வந்த வேகத்தில் அப்பாவை அப்படியே கட்டிக்கொண்டார்.

"முடிச்சிட்டியாடா கலியா! மாஷா அல்லாஹ், முடிச்சிட்டியா!"

அப்பா வாயைத் திறந்தார். அது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. திறந்த வாயில் இருந்து "பாய்" என்று பாதிச் சொல் வந்தது. அதற்குள் பாய் திரும்பி நின்று, கலியன் பாஸாயிட்டான், மொட்டை போட்டுட்டு வந்துட்டான் என்று பஸ் ஸ்டாண்டுக்கே சொல்லிவிட்டார். அப்பா கேள்வி கேட்காத டிரைவர் யார், கண்டக்டர் யார்? அத்தனை பேரும் அவருக்கு வாத்தியார்கள். இறங்கி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் வண்டியில் இருந்தபடியே ஹாரனை நீட்டி அடித்தார். பூக்கார அக்கா அம்மாவின் தலையில் ஒரு முழம் மல்லியை வைத்துவிட்டாள். தீட்டு கழிந்து முதல் நாள் வெளியே வந்த அம்மா, அந்தப் பூவை எடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தலையைக் குனிந்து நின்றாள். அப்பா திறந்த வாயை மூடினார். பிறகு சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்திவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "எல்லாரும் அவ்வளவு சந்தோசமா இருக்காங்க. அந்த நேரத்துல சாவையும் சொல்லி, ஃபெயிலையும் எப்புடிச் சொல்றது? நாளைக்கிச் சொல்லிக்கலாம்" என்றார். அந்த நாளை வரவேயில்லை. நல்ல சேதியைத் திருப்பி வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் வாரம் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வகுப்பு டீச்சர் விடாமுயற்சியைப் பற்றிப் பேசினார். நம் பள்ளியிலேயே, இதே பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் சிரித்தாலும் கலங்காமல் எழுதி எழுதி வெற்றி பெற்ற ஒருவர் இருக்கிறார், அவருடைய மகள் இங்கேதான் நிற்கிறாள் என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கூடமே கைதட்டியது. "தாடி மவ" என்று கூப்பிட்ட அதே வாய்கள், அதே கைகள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அப்பாவின் விடாமுயற்சி மெய்தான், அதில் ஒரு பொட்டுப் பொய் கிடையாது. ஆனால் அத்தனை வருடம் அவர் மெய்யாக முயன்றபோது கைதட்ட ஒரு நாதி இல்லை, இப்போது இல்லாத பாஸுக்குத் தட்டுகிறார்கள் என்ற நினைப்பு எனக்கு அந்த மேடையிலேயே வந்துவிட்டது. இறங்கி ஓடலாமா என்றிருந்தது. ஓடவில்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது, அது எங்களுக்கு மெள்ளத்தான் உறைத்தது. பாஸாகிவிட்டவன் மறுபடியும் எப்படிப் படிப்பான்? கைடைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் இனி யாரிடம் போய் அர்த்தம் கேட்பது? அத்தனை வாத்தியார்களையும் அப்பா ஒரே நாளில் தொலைத்துவிட்டார். வேலைக்கு எப்போது ஆர்டர் வரும் என்று அவர்கள் கேட்டால், "எம்ப்ளாய்மெண்டுல பதிஞ்சு வச்சிருக்கேன்" என்று முனகிவிட்டு நகர்ந்துவிடுவார். கூவும் குரல்கூட இறங்கிவிட்டது. ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் அடியோடு நின்றுபோனது. ஊரில் யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரித்த மனுசன், இப்போது யாராவது சிரித்தால் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்து, உதடு அசையாமல் படித்தார்.

அவருக்கு மிஞ்சிய ஒரே வாத்தியார் நான். என் இங்கிலீஷும் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனாலும் கேட்டார், நானும் சொல்லிக்கொடுத்தேன், எரிச்சலோடுதான். ஒரே சொல்லை நாலு தடவை தப்பாக எழுதினால், "இதுகூடத் தெரியாதாப்பா?" என்று கத்துவேன். "மெதுவாப் பாப்பா, பக்கத்து வூட்டுல கேக்கும்" என்பார். தப்பாக எழுதியதற்கு அவர் கூச்சப்படவில்லை, கேட்டுவிடுமோ என்றுதான் கூச்சப்பட்டார்.

பெரம்பலூரில் எழுதினால் குட்டு உடைந்துவிடும். அதனால் தாத்தா வீட்டு விலாசத்தைக் கொடுத்து அரியலூரில் பரீட்சைக்குப் பணம் கட்டினார். பஸ் ஸ்டாண்டில் எங்கே போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அங்கேதான் அப்பா, தன் வாயால், அந்தப் பாவத்தைச் செய்தார். எங்க அப்பாருக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போகிறேன் என்று காதர் பாயிடம் சொல்லிவிட்டார். தனியாகப் போனால் சந்தேகம் வரும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார், தாத்தாவைப் பார்க்கப் போகும் பேத்தியாக.

விசயம் தெரிந்தபோது அம்மா வாயில் கை வைத்தாள். "செத்த மனுசனுக்குக் காய்ச்சலுன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்களே, அது நல்லாருக்கா?" என்று கேட்டாள். பரீட்சை ரெண்டு பேப்பர், இரண்டு நாள் போக வேண்டும். தாத்தாவுக்கு இரண்டாம் நாளும் காய்ச்சல் நீடித்தது.

இரண்டாம் நாள் பஸ் ஏறும்போது பாய் கையில் ஒரு பையோடு வந்தார். உள்ளே ஆர்லிக்ஸ் பாட்டில், பன் பாக்கெட், நாலு ஆரஞ்சுப் பழம். அத்தாவுக்குக் குடு, வயசானவங்களுக்குக் கஞ்சி இறங்காட்டியும் இது இறங்கும் என்றார். அப்பா என்பதற்கு அத்தா என்பதுதான் பாயின் வழக்கம். அப்பா வேண்டாம் என்றுதான் கையை விலக்கினார். பாய் அதை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அரியலூர்வரை போனேன். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு வெளியே சிமெண்டு லாரிகள் கிளப்பிய தூசியில் வெளுத்துப்போன ஒரு வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். பசித்தது. தாத்தாவின் ஆரஞ்சை உரித்துத் தின்றேன். அந்த ஆர்லிக்ஸை வீட்டில் யாரும் தொடவில்லை என்று எழுத ஆசைதான். ஒரு மாதம் நான்தான் பாலில் கலக்கிக் குடித்துத் தீர்த்தேன். பாய் கேட்கும்போதெல்லாம் தாத்தாவுக்குத் தேவலை என்று அப்பா சொல்வார்.

அந்தத் தடவையும் பாஸாகவில்லை. அம்மா, போதும் விட்டுவிடுங்கள் என்றாள், வயது தாண்டுவதற்குள் வேலை கிடைக்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். முன்பு தோற்றால் மறுநாளே கைடைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர், இந்தத் தடவை இரண்டு வாரம் அதைப் பரணில் போட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கைடை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். "நாப்பதுக்கு இன்னும் ஒரு பரிச்சை இருக்கு பாப்பா" என்றார். பங்குனியில் தாத்தாவுக்கு மறுபடியும் உடம்பு மோசமானது.

ரிசல்ட் வந்த அன்று நாங்கள் இருவரும் அரியலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தோம். பெரம்பலூரில் பார்க்க முடியாதே. கடைக்காரப் பையன் நம்பரைத் தட்டினான், திரை மெள்ள மெள்ள இறங்கியது, நான்தான் எட்டிப் பார்த்து வாசித்தேன். நாற்பத்தொன்று. பாஸ். மறுபடியும் பாரு பாப்பா என்றார். பார்த்தேன். இன்னொரு தடவை பாரு என்றார். பிறகு வெளியே வந்து, பூத்தில் இருந்து தெருமுனைக் கடைக்குப் போன் போட்டு அம்மாவை வரச் சொல்லி, ஆச்சு என்று ஒரே சொல்தான் சொன்னார். அங்கிருந்தே கல்லங்குறிச்சிக்குப் பஸ் ஏறினோம்.

தாடி இல்லை, நீள முடி இல்லை, சாதாரணக் கிராப்புதான். அதைக் கொடுக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. சாமிக்குச் சொன்னதைக் கொடுக்கவில்லையே, இருப்பதைத்தானே கொடுக்கிறேன் என்று நாவிதரிடம் சொன்னார். பெருமாளுக்கு எல்லாம் தெரியும், குனிங்க என்றார் நாவிதர். குளித்துவிட்டுத் தலையெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு, அங்கே பெருமாளாக நிற்கும் கம்பத்துக்கு முன்னால் கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். திரும்பி வரும்போது அப்பாவின் நடையே மாறியிருந்தது. அவர் பழைய ஆளாக ஆனதை நான் பார்த்தேன். கோயில் வாசலில் பொரி விற்ற அம்மாளிடம், "பத்தாவது பாஸு பண்ணிட்டேன்மா" என்று தானாகவே சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் சொன்னார். யார் என்றே தெரியாதவர்களிடம்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் வண்டிக்காக நின்றபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. சந்தனத் தலையோடு போய் இறங்கினால், என்ன வேண்டுதல், எதற்கு மறுபடியும் மொட்டை என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். ஒரு கேள்விக்கு ஒரு பொய், அதற்கு இன்னொரு பொய். பள்ளிக்கூடத்து மேடை என் கண்ணில் வந்து நின்றது. குழாயடியைக் காட்டி, "சந்தனத்தைக் கழுவிடுப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. போய்க் குனிந்து தலையைக் காட்டி, இரண்டு கையாலும் தேய்த்துக் கழுவினார். மஞ்சள் தண்ணீர் சாக்கடையில் ஓடியது.

பெரம்பலூரில் இறங்கினோம். காதர் பாய் கடையில் இருந்து எட்டிப் பார்த்தார். வெறும் மொட்டை. கையில் இருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, இந்தத் தடவை ஓடிவரவில்லை, மெதுவாக நடந்து வந்தார். அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அத்தா போயிட்டாராப்பா?"

மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்த தாத்தா வேறு எங்கே போவார்? பாஸாகிவிட்டேன் என்று சொல்ல வேண்டிய வாய், அப்பாவின் வாய், கொஞ்ச நேரம் கோணிக்கொண்டு நின்றது. பிறகு, "போயிட்டாரு பாய்" என்றார். சொன்னவுடனே உடைந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு நடுவில், அத்தனை பேர் பார்க்க, பாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அது நடிப்பு இல்லை. ஒரு வருடமாக அவரிடம் யாரும் தாத்தாவைப் பற்றித் துக்கம் கேட்கவில்லை. கேட்க விடாமல் அவரே வழியை அடைத்துக்கொண்டிருந்தார். போன வருடம் ஹாரன் அடித்த டிரைவர் இறங்கி வந்து தோளைத் தட்டினார். எல்லாரும் சுற்றி நின்று, நல்ல சாவுதானா, வேதனைப்பட்டாரா என்று கேட்டார்கள். வேதனைப்படவில்லை, படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று அப்பா உண்மையைச் சொன்னார். வாழ்க்கையில் அவர் பாஸான ஒரே நாள் அது.

வீட்டில் அம்மா கேசரி கிளறி வைத்திருந்தாள். நாங்கள் உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்துக்குள் தெருப் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். அம்மா ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள், புரிந்ததும் கேசரிச் சட்டியைத் தட்டால் மூடி அடுப்பு மூலைக்குத் தள்ளினாள், கோரைப்பாயை விரித்தாள், மாமனாரைப் பற்றி ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். வறுத்த முந்திரியும் நெய்யும் வீடு முழுக்க மணந்தது. வந்தவர்களுக்கு அது மூக்கில் ஏறாமலா இருந்திருக்கும்? யாரும் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு மூவரும் சமையலறைக்குள் உட்கார்ந்து ஆறிப்போன கேசரியைத் தின்றோம். கதவு சாத்தியிருந்தது.

கண்டக்டர் வேலை பிறகு வந்தது. பதிந்து, காத்திருந்து, வயது தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆர்டர் வந்து, தோல் பையை மாட்டிக்கொண்டு விசில் ஊதினார் அப்பா. அவர் நினைத்ததை அடைந்தார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் டிக்கெட்டைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசாத கண்டக்டர் என்றுதான் அந்த வழித்தடத்தில் அவருக்குப் பேர். அவர் கூவக் கேட்டவர்களுக்கு அது நம்ப முடியாத சேதி.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பழைய பஸ் ஸ்டாண்டில் ஆள் வைத்துக் கூவுவது குறைந்துவிட்டது, ஒலிபெருக்கியில் ஒரு பதிவுக் குரல் ஊர்ப் பெயர்களைச் சொல்கிறது. காதர் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். பாய் இறந்தபோது அப்பா போய், கூட்டத்துக்கு வெளியே கடைசிவரை நின்றுவிட்டு வந்தார். அவரிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, சொல்லிக்கலாம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன் என்றார்.

போன மாதம் சென்னையில் என் வீட்டுக்கு வருவதற்காக அப்பாவுக்கு ரயிலில் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அரியலூர் போய்த்தான் ஏற வேண்டும். பஸ்ஸிலேயே வாழ்ந்தவருக்கு ரயில் பழக்கம் இல்லை. எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று தெரியாமல் பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் போய் நின்றிருக்கிறார், அவருடைய பெட்டி மறுகோடியில் நின்றது, ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே எனக்குப் போன் செய்தார்.

"யாரையாவது கேட்டிருக்கலாமேப்பா?" என்றேன்.

"கேக்கலாந்தான் பாப்பா. இதுகூடத் தெரியாத ஆளான்னு நெனச்சுக்குவாங்கல்ல" என்றார்.

அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று சென்னையில் இருந்து நான்தான் தேடிப் பார்த்துச் சொன்னேன். அவரைச் சுற்றி அத்தனை பேர் பேசிக்கொண்டிருப்பது போனில் கேட்டது.